ஆன்லைன் பி.எச்டி. செல்லாது என்கிறீர்கள், செல்லுவது எங்கே இருக்கிறது என்று யார் சொல்வார்கள்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

ஆன்லைன் பி.எச்டி. செல்லாது என்று 2022 அக்டோபரில் நீங்களும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் சேர்ந்து ஓர் அறிவிப்பு வெளியிட்டீர்கள். இணையவழிக் கல்வி நிறுவனங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கைகோத்து விளம்பரம் செய்யும் முனைவர் படிப்புகளை நம்பி ஏமாற வேண்டாம் என்பது அதன் சாரம். அடுத்த மாதமே வந்த முனைவர் பட்ட விதிமுறைகளில், எந்த உயர்கல்வி நிறுவனமும் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பி.எச்டி. நடத்தக் கூடாது என்று எழுதியும் வைத்துவிட்டீர்கள். அட்மிஷன் காலம் வந்தால் எங்கள் ஆசிரியர்களிடையே அந்த அறிவிப்பு இன்றைக்கும் கைமாறிக்கொண்டிருக்கிறது. யாராவது ஒருவர், "ஆன்லைன்ல பண்ண முடியுமா?" என்று கேட்பார். இன்னொருவர் செல்போனில் அந்தக் காகிதத்தைக் காட்டுவார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அப்படி முடிந்துபோவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவே ஒரு சுயநிதிக் கல்லூரியில் கணினி அறிவியல் நடத்துகிறேன். எம்.சி.ஏ. படித்தவள், கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான நெட் தேறியவள். உதவிப் பேராசிரியர் வேலைக்கு பி.எச்டி. கட்டாயமில்லை, நெட் போதும் என்று 2023இல் தெளிவாக்கினீர்கள். நல்ல காரியம். ஆனால் இணைப் பேராசிரியராக உயர வேண்டும் என்றால் பி.எச்டி. வேண்டும் என்பது உங்களுடைய 2018ஆம் ஆண்டு விதிமுறை. ஆக, பட்டத்தைக் கேட்பவர்களும் நீங்கள்தான், அதற்குப் போகும் பாதையில் கேட் போட்டிருப்பவர்களும் நீங்கள்தான். கேட் போட்டதைக் குறை சொல்லவில்லை. மாற்றுப் பாதை என்று பலகை மட்டும் வைத்துவிட்டு, பாதையை வெட்டாமல் விட்டதைத்தான் சொல்கிறேன்.

அந்த மாற்றுப் பாதைக்குப் பெயர் பகுதிநேர பி.எச்டி. வேலையில் இருப்பவர்கள் அதில் சேரலாம் என்று விதி சொல்கிறது. காகிதத்தில் பார்த்தால் குறையே இல்லை. நடைமுறையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

முதலில் கைடு, அதாவது ஆய்வு நெறியாளர், கிடைக்க வேண்டும். பேராசிரியருக்கு எட்டு, இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு ஆய்வாளர்கள் என்பது உங்கள் உச்சவரம்பு. பணி ஓய்வுக்கு மூன்றாண்டுக்குள் இருப்பவர் புதிதாக ஆளெடுக்க முடியாது. இரண்டும் நியாயமான விதிகள். ஆனால் யாரிடம் இடம் காலியாக இருக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பதிவு பெற்ற ஆய்வாளர்களின் பட்டியலைத் தங்கள் வலைதளத்தில் போட வேண்டும் என்று பல்கலைக்கழகங்களுக்கு நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். போய்ப் பாருங்கள். ஓரிடத்தில் சாய்வாக ஸ்கேன் செய்த பி.டி.எப்., எழுத்தே தெரியாது. இன்னோரிடத்தில் பட்டியல் தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில் உள்ள பாதிப் பேர் வைவா என்ற வாய்மொழித் தேர்வை முடித்து டாக்டராகி வேலைக்கே போய்விட்டார்கள். எனவே போன் நம்பர் தேடி, மின்னஞ்சல் தேடி, ஒவ்வொருவரையும் கெஞ்சாத குறையாகக் கேட்க வேண்டியிருக்கிறது. நான் கேட்ட ஒருவர் நல்ல மனிதர். என் ஆய்வுத் திட்டத்தை முழுக்கப் படித்துப் பார்த்து, இரண்டு திருத்தமும் சொல்லிவிட்டுத்தான், "இருக்கிற இடத்தை முழுநேர ஆளுக்குத்தாம்மா குடுப்பேன், பகுதிநேரம்னா நீங்க லேபுக்கே வர மாட்டீங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நான்கே இடம் இருப்பவர் வேறு எப்படி யோசிப்பார்?

இதற்கிடையில் 2024இல், நெட் மதிப்பெண்ணை வைத்தே பி.எச்டி. சேர்க்கை நடத்தலாம் என்றீர்கள். பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக நுழைவுத் தேர்வு எழுதும் அலைச்சல் குறையும் என்று நானும்தான் சந்தோஷப்பட்டேன். ஆனால் ஜே.ஆர்.எப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைக்காதவர்களுக்கு அந்த மதிப்பெண் ஓராண்டு மட்டுமே செல்லும். கைடு கிடைப்பதற்குள் மதிப்பெண் காலாவதியாகிவிட்டது. ரேஷன் கடையில் ரசீதுக்காவது ஒரு மதிப்பு உண்டு, ஒழுங்காகப் படித்து வாங்கிய மதிப்பெண்ணுக்கு இல்லை.

அடுத்தது தடையில்லாச் சான்று. வேலை கொடுத்தவர் மூன்று விஷயங்களை எழுதித் தர வேண்டும் என்கிறது உங்கள் விதி: பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆய்வுக்கு நேரம் ஒதுக்க முடிகிற அளவில்தான் பணி இருக்கிறது, தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் எனப்படும் பாடப் பகுதியை முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம். அரசுத் துறையில் இருப்பவருக்கு இது ஒரு கோப்பு நகரும் வேலை. சுயநிதிக் கல்லூரியில் இதைக் கேட்பது எப்படி இருக்கும் என்று உங்கள் குழுவில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் கடிதத்தைப் படித்தார். மூன்றாவது வரியில் விரலை வைத்தார். "விடுவிக்கிறதுன்னா, சம்பளத்தோடயா, சம்பளம் இல்லாமயா?" என்று கேட்டார். விதியில் அதற்குப் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. கடிதம் மேசையின் ஓரத்தில் இருந்த ஃபைலுக்குள் போனது. மறுத்தால் மறுத்ததாக எழுதித் தர வேண்டும் என்று எந்த விதியும் இல்லாததால், அது இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

பெண்களுக்கு இரண்டாண்டு கூடுதல் அவகாசமும், பிரசவம், குழந்தை வளர்ப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் தந்திருக்கிறீர்கள். நன்றி. உள்ளே போனவர்களுக்கு அது பெரிய உதவி. வாசலிலேயே நிற்பவர்களுக்கு என்ன செய்வதாக உத்தேசம்?

இந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் வருகிறார்.

காரைக்குடியில் ஒரு லாட்ஜின் கூட்ட அறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து ஆசிரியர்களை அழைத்திருந்தார்கள். எல்லார் கையிலும் ஒரு வழவழப்பான கையேடு. முதல் பக்கத்தில் கறுப்பு அங்கி போட்ட வெள்ளைக்காரர்கள் தொப்பியைத் தூக்கி எறிகிறார்கள். இரண்டாம் பக்கத்தில் நான்கைந்து முத்திரைகள். கணினி அறிவியலில் முனைவர் பட்டம், முழுக்க ஆன்லைன், பதினெட்டு மாதம், தவணையில் கட்டலாம், தீசிஸ் எழுத "சப்போர்ட்" உண்டு. நான் எழுந்து, "இந்த முத்திரை கொடுத்த அமைப்பை யார் அங்கீகரித்தார்கள்?" என்று கேட்டேன். "சர்வதேச அங்கீகாரம் மேடம்" என்றார். எந்த நாட்டு அரசு என்று கேட்டேன். டீ வந்துவிட்டது என்றார். அன்றைக்கே என் கண்ணெதிரே முன்பணம் கட்டியவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் பிறகு நகையை அடகு வைத்துத் தவணை கட்டினார். அந்தப் பட்டம் கையில் வந்ததும் கல்லூரியில் கொடுத்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர் யார், எந்த ஊர் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை.

நான் அந்தக் கேள்வியைக் கேட்டதற்குக் காரணம், அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களுக்கு அரசு நேராக அங்கீகாரம் கொடுப்பதில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்ததுதான். அங்கே தனியார் அமைப்புகள்தான் மதிப்பிடுகின்றன. அந்த அமைப்புகளை அமெரிக்கக் கல்வித் துறையோ 'சியா' எனப்படும் உயர்கல்வி அங்கீகாரக் கவுன்சிலோ ஏற்றிருக்க வேண்டும். ஏற்காத அமைப்பை யார் வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம், தன் பல்கலைக்கழகத்துக்குத் தானே முத்திரை குத்திக்கொள்ளலாம். கராச்சியில் 'ஆக்சாக்ட்' என்ற நிறுவனம் இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயரில் உலகம் பூராவும் பட்டம் விற்றது 2015இல் வெளியே வந்ததே, அங்கேயும் இதே கதைதான். முத்திரை கொடுத்த அமைப்புகளும் பொய். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொறியியல், கணினிப் படிப்புகளுக்குப் பேர்போன 'ஏபெட்' அங்கீகாரம் முனைவர் படிப்புகளுக்குக் கொடுக்கப்படுவதே இல்லை. எனவே பி.எச்டி.க்கு ஏபெட் முத்திரை என்று ஒரு கையேட்டில் போட்டிருந்தால், அதை அங்கேயே மடித்து வைத்துவிடலாம்.

இதையெல்லாம் நான் பல இரவுகள் தேடித் தேடித் தெரிந்துகொண்டேன். ஒரு பக்கத்துக்குள் அடங்குகிற விவரம் இது. உங்கள் அறிவிப்பில் அந்த ஒரு பக்கம் இருந்திருந்தால், அந்த அறையில் இன்னும் நாலு பேர் எழுந்து கேட்டிருப்பார்கள்.

சரி, வெளிநாட்டு ஆன்லைன் முனைவர் படிப்பு எல்லாமே போலியா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவின் கொலராடோ டெக்னிக்கல் பல்கலைக்கழகம் ஆன்லைனில் கணினி அறிவியல் டாக்டர் பட்டம் நடத்துகிறது. 'ஹையர் லேர்னிங் கமிஷன்' என்ற ஏற்கப்பட்ட அமைப்பின் அங்கீகாரம் அதற்கு உண்டு. ஆனால் அங்கே கிடைப்பது 'டி.சி.எஸ்.' (டாக்டர் ஆஃப் கம்ப்யூட்டர் சயின்ஸ்) பட்டம், பி.எச்டி. அல்ல. தொழில்முறை டாக்டர் பட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். லாட்ஜ் அறையில் விற்கப்பட்டதும் இதுவும் ஒன்றா? உங்கள் அறிவிப்பைப் படித்தால் இரண்டும் ஒரே மூட்டையில்தான் கிடக்கின்றன. அசலையும் போலியையும் ஒரே வாக்கியத்தில் தள்ளுபடி செய்தால், வாங்க வருபவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். போலி விற்பவருக்கு அதைவிட வசதி என்ன இருக்கிறது? "யுஜிசி எல்லாத்தையும்தான் செல்லாதுங்குறான், அதுக்காக அமெரிக்காக்காரன் படிக்காமலா இருக்கான்?" என்று அன்று அந்த ஏஜென்ட் சொன்னதும் இதைத்தான்.

இப்போது தடையைப் பற்றியே பேசுகிறேன். எல்லாத் துறைக்கும் ஒரே தடை என்பது எனக்குப் புரியவில்லை. எங்கள் காரைக்குடியில் சிக்ரி இருக்கிறது, மத்திய மின்வேதியியல் ஆய்வகம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து இந்த ஊருக்குக் கொண்டுவந்தது. 1953 ஜனவரியில் திறந்தார்கள், அதே ஆண்டு டிசம்பரில்தான் உங்கள் குழுவும் தொடங்கப்பட்டது. அங்கே உலோக அரிமானம் பற்றியோ பேட்டரி பற்றியோ ஆய்வு செய்பவர் ஆய்வகத்தில் நின்றே ஆக வேண்டும். அமிலத்தையும் மின்முனையையும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அவருக்கு ஆன்லைன் பி.எச்டி. கூடாது என்றால் நான் கைதட்டுவேன். ஆனால் தமிழ்ச் சொற்களைப் பிரித்தறியும் நிரல் பற்றி ஆய்வு செய்ய நினைக்கும் எனக்கு ஆய்வகம் என்பது ஒரு மடிக்கணினியும் ஜி.பி.யு. என்ற அதிவேகக் கணிப்பானை வாடகைக்கு எடுக்கும் நேரமும்தான். அந்த ஜி.பி.யு. எந்த நாட்டில் ஓடுகிறது என்பதுகூட எனக்குத் தெரியாது. நான் பல்கலைக்கழகத்தின் கணினி அறையில் போய் உட்கார்ந்தாலும் அதே சர்வரில்தான் போய் நிற்பேன். எழுதிய நிரல் வரிக்கு வரி, தேதியோடு, யார் எப்போது மாற்றினார்கள் என்பதோடு களஞ்சியத்தில் பதிவாகிறது. கைடு வீட்டில் இருந்தபடியே என் ஒரு வாரத்து வேலையைப் பார்த்துவிடலாம். ஆய்வகப் பதிவேட்டில்கூட இத்தனை துல்லியம் கிடையாது.

நாங்கள் குடியிருப்பது ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் பின்கட்டில். வீட்டுக்கார ஆச்சி ஒருநாள் பெட்டகத்தைத் திறந்து பழைய கடிதக் கட்டுகளைக் காட்டினார். "எங்க ஐயா கடை ரங்கூன்ல, அவுக இருந்தது இங்கன. ஏஜெண்டை மூணு வருசக் கணக்குக்கு அனுப்புவாக. கணக்கு தபால்ல வரும், பேரேட்டைப் பார்த்தே அவன் ஒழுங்கா இருக்கானா இல்லையான்னு சொல்லிப்புடுவாக" என்றார். கப்பல் தபாலை நம்பி லட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் நடத்திய ஊர் இது. ஆளை நேரில் பார்க்கவில்லை என்பதற்காக அவர்கள் கடையை மூடிவிடவில்லை. ஐந்தொகையைக் கேட்டு வாங்கினார்கள், சந்தேகம் வந்தால் ஆளனுப்பிச் சோதித்தார்கள். உங்களிடம் நான் கேட்பதும் அந்தக் கண்டிப்பைத்தான்.

நீங்களே அதைச் செய்தும் காட்டியிருக்கிறீர்கள். கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதலில் வைவாவைக் காணொளி மூலம் நடத்தலாம் என்றீர்கள். நடந்தது. அப்படிப் பட்டம் வாங்கியவர்கள் இன்று கைடாகவே இருக்கிறார்கள். பட்டப்படிப்புகளில் ஒரு பகுதி கிரெடிட்டை ஸ்வயம் என்ற அரசு இணையப் பாடத் தளத்தில் எடுக்க அனுமதித்தவர்களும் நீங்கள்தான். சென்னை ஐஐடி 2021 முதல் ஆன்லைனில் பட்டப்படிப்பு நடத்துகிறது. பாடம் இணையத்தில், தேர்வு மட்டும் மையத்தில் நேரில். (ஐஐடி உங்கள் அதிகாரத்துக்குள் வராது என்பது தெரியும். முறையைத்தான் காட்டுகிறேன்.) இதே காரைக்குடியில் தொலைநிலையில் முதுநிலைப் பட்டம் வரை படிக்கலாம். அதற்கு உங்கள் தொலைநிலைக் கல்விப் பணியகம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் படிப்புக்கு அனுமதி என்று பட்டியலே போடுகிறது. முனைவர் படிப்பு என்று வந்ததும் பட்டியலும் கிடையாது, பாதையும் கிடையாது.

தரம் கெட்டுவிடும் என்பீர்கள். 2009க்கு முன்பு தொலைநிலையில் எம்.ஃபில்., பி.எச்டி. கொடுத்த லட்சணம் எனக்கும் தெரியும், அதை நிறுத்தியது சரிதான். ஆனால் நேரில் நடக்கும் பி.எச்டி.யில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறதா? "தீசிஸ் எழுதித் தரப்படும்" என்ற நோட்டீஸ் பல்கலைக்கழகத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருந்ததால் அது நின்றுவிடவில்லை. கைடு மாதாமாதம் கேள்வி கேட்டால் நிற்கும், வெளித் தேர்வாளர் தீசிஸை உண்மையாகவே படித்தால் நிற்கும்.

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 13,000 ஆய்விதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்கள் இலவசமாகப் படிக்கலாம். உங்கள் இன்ஃப்ளிப்நெட் மையம்தான் நடத்துகிறது. சுயநிதிக் கல்லூரி அதில் இல்லை. எங்கள் பிள்ளைகளும் இதே மாவட்டத்துப் பிள்ளைகள்தான், பெரும்பாலும் வீட்டில் முதல் பட்டதாரிகள். அவர்களுக்குப் பாடம் எடுக்கிற நான் ஒரு கட்டுரையைப் படிக்க, அதை எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்பி வாங்குகிறேன்.

இனி நான் கேட்பவை.

பகுதிநேர பி.எச்டி. எங்கெல்லாம் உண்டு, கணினி அறிவியலில் எந்தக் கைடிடம் எத்தனை இடம் காலி, வளாகத்துக்கு எத்தனை நாள் வர வேண்டும் என்பதைத் தேடிப் பார்க்கும்படி ஒரே தளத்தில் போடுங்கள். பருவத்துக்கு ஒருமுறை புதுப்பிக்காத பல்கலைக்கழகத்துக்குப் புதிய சேர்க்கையை நிறுத்துங்கள். கைடு ஒவ்வொருவரின் எண்ணிக்கையிலும் ஓர் இடத்தையாவது பகுதிநேர ஆய்வாளருக்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

தடையில்லாச் சான்று கேட்ட 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும், கோர்ஸ் ஒர்க் காலத்துச் சம்பளம் என்ன ஆகும் என்பது அதில் இருக்க வேண்டும் என்று விதியில் சேருங்கள். அந்தக் கோர்ஸ் ஒர்க் 12 கிரெடிட்டையும் பகுதிநேரக்காரர்கள் இணையத்திலும் வார இறுதியிலும் முடிக்க வழி செய்யுங்கள். தேர்வை நேரில், கண்காணிப்போடு, பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் எழுதுகிறோம். நெட் மதிப்பெண் எல்லாருக்கும் மூன்றாண்டாவது செல்லட்டும்.

வெளிநாட்டு ஆன்லைன் முனைவர் பட்டம் பற்றிப் பொதுவாக எச்சரிப்பதோடு நிறுத்தாதீர்கள். இன்ன பல்கலைக்கழகத்தின் இன்ன படிப்பு இந்தியாவில் எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று சேரும் முன்பே ஒருவர் கேட்டால், எழுத்தில் பதில் தரும் பிரிவு ஒன்று வேண்டும். டி.சி.எஸ். போன்ற பட்டங்களின் நிலையும் அதில் தெளிவாக இருக்கட்டும். பணம் கட்டும் முன் கிடைக்கிற பதில்தான் எங்களுக்குப் பயன்படும்.

ஆய்விதழ்ச் சந்தாவைச் சுயநிதிக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் திறந்துவிடுங்கள்.

தடையை மறுபரிசீலனை செய்யுங்கள். கணினி அறிவியல், கணிதம் போல ஆய்வகம் தேவைப்படாத துறைகளில், தகுதியான சில அரசுப் பல்கலைக்கழகங்களில் மட்டும், வருடத்துக்குச் சில வாரம் வளாகத்தில் தங்குவதும் வைவா நேரில் நடப்பதும் கட்டாயம் என்ற நிபந்தனையோடு, சோதனை முறையில் ஆரம்பித்துப் பாருங்கள். ஐந்தாண்டு கழித்து அந்தத் தீசிஸ்களையும் மற்ற தீசிஸ்களையும் பெயரை மறைத்து ஒரே தேர்வாளர்களிடம் கொடுங்கள். மோசமாக இருந்தால் மூடிவிடுங்கள், நான் எதிர்த்து எழுத மாட்டேன்.

கடைசியாக, இந்த அறிவிப்புகளைத் தமிழிலும் வெளியிடுங்கள். லாட்ஜ் அறையில் பேசியவர் நல்ல தமிழில்தான் பேசினார்.

இப்படிக்கு,
தேவகோட்டை வட்டாரத்திலிருந்து ஒரு கணினி அறிவியல் ஆசிரியை